சத்தம் போடாத வண்டி

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் உன் மகளும், அதாவது என் மருமகளும், நலமா? முட்டி வலி படி ஏறும்போது வருகிறதா, இறங்கும்போது வருகிறதா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தேன். நீ அதைப் பற்றி மூச்சு விடவில்லை. டாக்டரிடம் இன்னும் போகவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

இங்கே ஒரு கூத்து நடக்கிறது. சுரங்கத்துக்குள் ஓடும் லோடர்களுக்கு இனிமேல் டீசல் கிடையாதாம். பொரித்து மிஞ்சிய சமையல் எண்ணெயைச் சுத்தம் செய்து, பயோடீசல் என்று பெயர் வைத்து டேங்கர் டேங்கராகக் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள். லோடரை நீ பார்த்ததில்லை. வெடி வைத்து உடைத்த தாதுக்கல்லை முன்னால் இருக்கும் பெரிய வாளியில் அள்ளிக்கொண்டு போய்க் கொட்டுகிற வண்டி. கூரை தாழ்ந்த பாதையில் ஓடவேண்டும் என்பதால் தட்டையாக, நீளமாக இருக்கும். டிரைவர் அதில் பக்கவாட்டில் உட்கார்ந்து ஓட்டவேண்டும். பதினெட்டு வருஷமாகக் கழுத்தைத் திருப்பித் திருப்பி எனக்கு அதுவே பழகிவிட்டது.

புதிய எண்ணெயில் புகை குறைவு என்றார் மேனேஜர். குறைந்தது கொஞ்சம்தான். ஆனால் குகை முழுக்க நீ நடத்தும் கேன்டீனின் வாசனை. என் கூட்டாளி கொக்கு, "டேய், வண்டிய ஸ்டார்ட் பண்ணாத, எனக்குப் பசிக்குது" என்கிறான். நெட்டையாக இருப்பதால் அவனுக்கு அந்தப் பெயர். முதல் வாரமே வண்டி நடுவழியில் படுத்துக்கொண்டது. டேங்கின் அடியில் வருஷக்கணக்காகப் படிந்திருந்த டீசல் கசடையெல்லாம் இந்த எண்ணெய் கரைத்து, கொண்டுபோய் ஃபில்டரில் அடைத்துவிட்டது. மெக்கானிக் ஃபில்டரைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது எரிபொருளா, இல்ல டேங்க் கழுவுற சோப்பா?" என்று கேட்டார். இப்போது டேங்கைக் கழுவிவிட்டோம், சரியாக ஓடுகிறது.

கொக்குக்குத்தான் இருமல் நிற்கவில்லை. வண்டிக்கு முன்னால் நின்று வழி காட்டுவது அவன் வேலை, புகையை முதலில் வாங்குவதும் அவன்தான். இஞ்சின் இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது. தலைவிளக்கால்தான் எல்லாம். பக்கவாட்டில் ஆட்டினால் நில். மேலும் கீழும் ஆட்டினால் வா. வட்டமாகச் சுற்றினால் பின்னால் போ. இந்த மூன்று வார்த்தையை வைத்துக்கொண்டே நானும் அவனும் ஒரு குடித்தனம் நடத்திவிட்டோம்.

உடம்பைப் பார்த்துக்கொள். மருமகளுக்கு என் அன்பு.

உன் தம்பி


பிப்ரவரி 25

அன்புத் தம்பிக்கு,

நலம். நீ நலமாக இருப்பதைக் கடிதத்தில் மட்டும்தான் தெரிந்துகொள்ள முடிகிறது, போனில் முடியாது. முட்டி இறங்கும்போது வலிக்கிறது. டாக்டரிடம் போனேன், எடையைக் குறைக்கச் சொன்னார். கேன்டீன் நடத்துகிறவளிடம் சொல்லுகிற பேச்சா அது?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் சமையல்காரர் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தார். ஏன் தெரியுமா? போன வருஷம் முதல் ஒரு எண்ணெய்க்காரர் மாதா மாதம் வந்து, நாங்கள் பொரித்து முடித்த எண்ணெயை டின் டின்னாக எடுத்துப் போகிறார். "எதுக்குய்யா இந்தக் கருப்புத் தண்ணி?" என்று கேட்டேன். "வண்டி ஓட்டுறதுக்கும்மா" என்றார். கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்தேன். இப்போது பார், இந்தத் தொழிற்சாலைக்காரர்களுக்கு நான் மீன் பொரித்த எண்ணெயில் நீ அங்கே கல் அள்ளுகிறாய். ஃபில்டர் அடைத்தால் என்னைத் திட்டாதே, எங்கள் சமையல்காரரைத் திட்டு. அவர்தான் வடிகட்டாமல் ஊற்றுகிறவர்.

சிரித்தது போதும். உன் மருமகள் உனக்கு மூன்று தடவை போன் செய்தாள். மூன்று தடவையும் மணி அடித்து நின்றுவிட்டது. நாலாவது தடவை நீ எடுத்தாய், "ஆங், ஆங், சரி சரி, நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அவள் உன்னிடம் கேட்டது, "மாமா, நீங்க எப்ப வருவீங்க?" என்று. அதற்கு யாராவது நல்லா இருக்கேன் என்பார்களா? அவள் முகம் சுருங்கிவிட்டது. போனில் எழுத்தாக அடித்தாவது அனுப்பலாமே என்கிறாள். எனக்கு அந்தப் பொடி எழுத்து கண்ணில் படாது என்பது உனக்குத் தெரியும். எனக்குக் கடிதம் போதும். அவளுக்கு உன் குரல் வேண்டுமாம்.

நேரத்துக்குச் சாப்பிடு. கொக்கை வெந்நீர் குடிக்கச் சொல்.

உன் அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் எண்ணெயில்தான் ஓடுகிறோம் என்று மெஸ்ஸில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். இப்போது வண்டி எப்போது நின்றாலும், "உங்க அக்கா உப்பு ஜாஸ்தி போட்டுட்டாங்கடா" என்கிறார்கள். கொக்கு ஒருநாள் புகைக் குழாய்க்கு முன்னால் தட்டை நீட்டிக்கொண்டு நின்றான். மெக்கானிக்குக்குச் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொள்ளவேண்டியதாகிவிட்டது.

எண்ணெய் விஷயம் ஒன்று கேட்டுக்கொள். வடிகட்டி, தண்ணீர் சேராமல் மூடிவைத்துக் கொடு. தண்ணீர் கலந்தால் இங்கே பம்பு துருப்பிடிக்கும். குளிரில் இந்த எண்ணெய் நெய் மாதிரி உறைந்தும்போகும். உள்ளே வெக்கை என்பதால் எங்களுக்குக் கவலையில்லை, மேலே நிறுத்துகிற வண்டிகளுக்குத்தான் காலையில் சிரமம்.

ஆனால் இதெல்லாம் இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான். அடுத்த மாதம் பேட்டரி லோடர் ஒன்று வருகிறது. இஞ்சினே கிடையாது. புகையும் இல்லை, சத்தமும் இல்லை. முதலில் எங்கள் பகுதிக்கு மட்டும் ஒன்று; அங்கே இஞ்சின் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். சரியாக ஓடினால் எல்லா வண்டியையும் மாற்றுவார்களாம். இருக்கிறவர்களில் மூத்த ஆள் நான் என்பதால் அதை ஓட்ட என்னைப் போட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். மேனேஜர் கேட்கவில்லை.

பழைய வண்டி எனக்குப் போதும். அதன் சீட்டில் உட்கார்ந்தால் இஞ்சின் திணறுகிறதா, சுகமாக இழுக்கிறதா என்பதை இடுப்பெலும்பே சொல்லிவிடும். கொக்கு விளக்கை ஆட்டுவான், நான் ஓட்டுவேன். இதில் என்ன குறை?

முட்டிக்கு எண்ணெய் தடவு. பொரித்த எண்ணெய் வேண்டாம்.

உன் தம்பி


ஏப்ரல் 18

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் கடிதத்தில் எண்ணெய் பற்றி ஒரு பத்தி, பம்பு பற்றி ஒரு பத்தி. மருமகள் போன் பற்றி ஒரு வரி உண்டா? நான் கடிதத்தைத் திருப்பி, பின்பக்கமும் பார்த்தேன். நீ எப்போதும் இப்படித்தான். கேட்டதை விட்டுவிட்டுக் கேட்காததற்குப் பதில் எழுதுவாய்.

அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. ஆய்வுக்கூடத்தில். என்னிடம் சொல்லும் முன்னால் உன்னிடம் சொல்லவேண்டும் என்று மெஸ் போனுக்கே அடித்தாள். எடுத்தவர், "அவரு இங்கதாம்மா உக்காந்திருக்காரு. கூப்பிட்டேன், வரமாட்டேங்கிறாரு" என்றார். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சங்கடம் குறைவாக இருந்திருக்கும். "மாமா பெரிய ஆள் ஆயிட்டாரும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

புதுவண்டி ஏன் வேண்டாம் என்கிறாய் என்பது எனக்குப் புரியவில்லை. புகை இல்லை, சத்தம் இல்லை. எனக்கு இப்படி ஒரு அடுப்பு கொடுத்தால் கட்டிப்பிடித்துக்கொள்வேன். சின்ன வயதில் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தாலும் பழையதைத்தான் போடுவாய். அந்தப் புத்தி போகவில்லை போலிருக்கிறது.

அவளுக்கு ஒரு வார்த்தை எழுது. வாழ்த்து என்று எழுதினால்கூடப் போதும்.

உன் அக்கா


ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீங்கள் இருவரும் நலமா? மருமகளுக்குத் தனியாக ஒரு கடிதம் இதோடு வைத்திருக்கிறேன். அவளிடம் பிரிக்காமல் கொடு. பிரிப்பாய் என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

பேட்டரி லோடர் வந்து ஒரு மாதமாகிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. கல்லை வாளியில் அள்ளி இழுப்பதில் இதன் பலம் பழைய வண்டிக்கு இல்லை. சரிவில் இறங்கும்போது பிரேக் பிடித்தால் அந்தச் சக்தியே பேட்டரிக்குத் திரும்பிப் போகிறது. புகை இல்லாததால் எங்கள் பகுதிக்குக் காற்று அனுப்புகிற பெரிய விசிறிகளைப் பாதி வேகத்தில் ஓடவிட்டிருக்கிறார்கள். வெக்கை தணிந்துவிட்டது. கொக்கு இருமலை விட்டுவிட்டான். ராத்திரி படுத்தால் காலையில்தான் எழுந்திருக்கிறான் என்று அவன் மனைவி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். அவன் தோள் குலுங்காமல் நிற்பதைப் பார்க்க எனக்குப் புதிதாக இருக்கிறது.

எங்கள் பகுதியே மாறிவிட்டது, அக்கா. பாறையில் தண்ணீர் சொட்டுவதுகூடக் கேட்கிறது என்று எல்லாரும் அதிசயப்படுகிறார்கள். அதனால் எல்லாருக்கும் வாய் முளைத்துவிட்டது. வேலை நேரத்தில் பேச்சு, பாட்டு, வம்பு. விளக்கை ஆட்டுகிற பழக்கம் போய்விட்டது. "வா", "நில்லு" என்று குரல் கொடுத்துவிடுகிறார்கள். கொக்கு மட்டும் என் பொருட்டு இன்னும் ஆட்டுகிறான். நான் பழைய ஆள், எனக்குப் பழைய முறைதான் பிடிக்கும் என்று அவனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

எனக்கு வண்டிதான் இன்னும் ஒட்டவில்லை. சீட்டு ஒன்றும் சொல்வதில்லை. இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது. இப்போதெல்லாம் சாப்பாட்டை வாங்கிக்கொண்டு அறைக்கு வந்துவிடுகிறேன். மெஸ்ஸில் பேச்சு அதிகம்.

உன் தம்பி


ஜூன் 27

அன்புத் தம்பிக்கு,

நலம். கடிதத்தைப் பிரிக்கவில்லை. அவள் படித்துவிட்டு என்னிடம் கொடுத்தாள், அதனால் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். மேசைமேல் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறாள்.

கொக்குக்கு இருமல் நின்றது கேட்டு என் வயிறு குளிர்ந்தது. முகம் தெரியாத பிள்ளை, ஆனாலும் இத்தனை வருஷம் உன் கடிதத்தில் இருமிக்கொண்டே இருந்தானே.

நீ ஏன் தனியாகச் சாப்பிடுகிறாய்? பேச்சு அதிகம் என்று மெஸ்ஸை விட்டு ஓடுகிறவன் நீ இல்லையே. கல்யாண வீட்டில் கடைசிப் பந்திவரை உட்கார்ந்து கதை பேசுகிறவன் ஆயிற்றே.

மனசில் இருப்பதை இன்றைக்குக் கேட்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு உள்ளே புழுங்கிக்கொண்டே இருக்கும். உன் அத்தான் இறந்துபோனபோது நீ வந்தாய், எல்லாம் செய்தாய். அதில் குறை சொல்லமாட்டேன். ஆனால் திரும்பிப் போனபிறகு ஒரு மாதம் நான் இந்த வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தினமும் உனக்குப் போன் அடித்தேன். நீ எடுக்கவில்லை. வாரத்துக்கு ஒரு கடிதம் போட்டாய். கடிதம் வந்து சேருவதற்குள் எனக்கு அழுகையே தீர்ந்துவிடும். எனக்குக் கடிதமா வேண்டியிருந்தது? "அக்கா" என்று ஒரு வார்த்தை காதில் விழுந்திருந்தால் போதும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. நீ நல்லவன்தான். ஆனால் அந்த ஒரு மாதத்தை என்னால் மறக்க முடியவில்லை.

எழுதிவிட்டேன். கிழித்துப் போட்டாலும் சரி.

உன் அக்கா


ஆகஸ்ட் 5

அக்காவுக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. அதற்குள் இங்கே ஒரு விபத்து நடந்துவிட்டது. எனக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே.

பேட்டரி வண்டியோடு கூடவே ஒரு எலக்ட்ரீஷியன் வந்திருந்தார், சார்ஜ் போடுகிற இடத்தைப் பார்த்துக்கொள்ள. நல்ல மனிதர், மேலே வேலை பார்த்துப் பழகியவர். கொக்கு அன்றைக்கு விடுப்பு. நான் சார்ஜருக்கு அருகே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டிருந்தேன். அவர் குனிந்து கேபிளை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார். வாளிக்கும் பாறைச் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். வாளியில் ஏதோ தட்டுப்பட்டதும் நிறுத்திவிட்டேன். இடது கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை.

அவர் மூன்று தடவை நில்லு என்று கத்தியும் வண்டி நிற்கவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார். ஆகவே பிரேக்தான் கோளாறு என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். வண்டியை மேலே ஏற்றிக் கழற்றிப் பார்த்தார்கள். கோளாறு ஒன்றும் அகப்படவில்லை. மேனேஜர் சொல்கிறார், "காரணம் தெரியாத வண்டிய உள்ள விட முடியாது. திருப்பி அனுப்பிடுவோம். மத்த வண்டிங்களுக்கும் ஆர்டர் வேணாம்." எங்கள் பகுதியில் பழையபடி இஞ்சின் வண்டிகள் இறங்கிவிட்டன. விசிறிகளை முழு வேகத்தில் போட்டுவிட்டார்கள். கொக்கு நேற்று முதல் மறுபடி இருமுகிறான்.

விசாரணைக்கு ஆட்கள் வருகிறார்கள். என்னை யாரும் குறை சொல்லவில்லை. என்னிடம் கேட்டார்கள், பிரேக்கை அழுத்தினேன் என்றேன். அழுத்தினேன்தான்.

உன் தம்பி


ஆகஸ்ட் 14

தம்பி,

நலமெல்லாம் அப்புறம் விசாரிக்கிறேன்.

தண்ணீர் சொட்டுவதுகூடக் கேட்கிற இடம் என்று எழுதினாய். வண்டிக்கும் சத்தமில்லை என்றாய். அந்த மனிதர் உன் வாளிக்கு முன்னாலேயே நின்று மூன்று தடவை கத்தியிருக்கிறார்.

அது உனக்குக் கேட்டதா?

அக்கா


செப்டம்பர் 22

அன்புத் தம்பிக்கு,

ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. பதில் இல்லை. இந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

உன் கடிதங்களையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மருமகளும் உட்கார்ந்தாள். "ஆங், ஆங், நல்லா இருக்கேன்" என்று போனில் சொன்னாயே, அதை அவள் இரண்டு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். அப்புறம் எழுந்து உள்ளே போய்விட்டாள். மெஸ்ஸில் கூப்பிட்டபோது நீ வராமல் இருந்ததை நினைத்தாளோ என்னவோ. இந்தத் தடவை அழுதாள்.

எத்தனை வருஷமாகடா? அத்தான் போவதற்கு முன்னாலேயேவா?

நீ என்ன செய்யவேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதலில், எதுவும் சொல்லாதே, ராஜினாமா செய்துவிட்டு வந்துவிடு, எலக்ட்ரீஷியன் கால் கூடிவிடும், வண்டி போனால் போகிறது என்று எழுதினேன். எனக்கு நீதானே முக்கியம், எங்கோ இருக்கிற வண்டியா முக்கியம்? எழுதி முடித்து மடிக்கும்போது, கொக்கு ராத்திரி தூங்குகிறான் என்று நீ எழுதியது ஞாபகம் வந்தது. கையிலிருந்ததைக் கசக்கிப் போட்டுவிட்டேன். அவன் மனைவி இப்போது மறுபடி அவனோடு உட்கார்ந்து விடிய விடிய விழித்திருப்பாள். குற்றமே செய்யாத வண்டியைத் திருப்பி அனுப்புகிறார்கள். உனக்கும் அது தெரியும், இப்போது எனக்கும் தெரியும்.

சொன்னால் உன் சீட்டு போய்விடும், இனி எந்த வண்டியிலும் உன்னை ஏற்றமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. பதினெட்டு வருஷம். அதைத் தூக்கிக் கொடு என்று நான் எந்த வாயால் சொல்வேன்?

ஒன்று மட்டும் சொல்கிறேன். நீ எதைச் செய்தாலும் இந்த வீட்டுக் கதவு உனக்குத் திறந்திருக்கும். தட்டவும் வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா


அக்டோபர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் மருமகளும் நலமா? நீ கேட்டதற்கெல்லாம் இந்தத் தடவை வரிசையாகப் பதில் எழுதுகிறேன்.

கேட்கவில்லை. அவர் கத்தியது எனக்குக் கேட்கவில்லை.

ஆறு வருஷமாக. இடது காது முதலில் போனது, வலது காது பின்னாலேயே போனது. இஞ்சின் இரைச்சலில் உட்கார்ந்து உட்கார்ந்து இப்படி. நேருக்கு நேர் பேசினால் உதட்டைப் பார்த்துப் பாதியைப் புரிந்துகொள்வேன், மீதியை ஊகித்துச் சமாளிப்பேன். அத்தான் போனபோது நீ அடித்த போன்களெல்லாம் என் கையில் அதிர்ந்துகொண்டுதான் இருந்தன. எடுத்துக் காதில் வைத்திருந்தாலும் குழாயில் காற்று போகிற மாதிரி ஏதோதான் இருந்திருக்கும், வார்த்தை இருந்திருக்காது. நீ அழுகிறாயா, பேசுகிறாயா என்றுகூடத் தெரியாமல் ஆங் ஆங் என்று சொல்ல மனசு வரவில்லை. அதனால்தான் கடிதம். வருஷா வருஷம் காது பரிசோதனை உண்டு. கண்ணாடி அறையில் உட்கார்த்தி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்வார்கள். வெளியே இருப்பவரின் முழங்கை கண்ணாடியில் தெரியும். அது அசைந்தால் நானும் அழுத்துவேன். இஞ்சின் ஓடுகிறவரை அங்கே எல்லாருமே செவிடுதான் அக்கா, எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அந்தப் பாழாய்ப்போன வண்டி சத்தம் போடாமல் வந்து நின்றதும்தான் நான் மட்டும் தனியாக ஆகிவிட்டேன்.

உன் கடிதம் வந்தபிறகும் எட்டு நாள் சும்மாதான் இருந்தேன். வண்டியை ஏற்றிப் போக டிரெய்லர் வந்து நின்றதைப் பார்த்தேன். அப்புறம் விசாரணைக்காரர்களிடம் போய், ஒரு பரிசோதனை பாக்கி இருக்கிறது, எல்லாரும் மேலே வண்டி நிற்கிற யார்டுக்கு வாருங்கள் என்றேன்.

எலக்ட்ரீஷியனும் வந்திருந்தார், காலில் மாவுக்கட்டோடு, கைத்தடியோடு. அவரை வண்டியோரம் நிறுத்திவிட்டு, நான் நாலடி தள்ளி, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். "அன்னைக்குக் கத்தின மாதிரியே கத்துங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டேன். சுவரில் ஒரு எண்ணெய்க்கறை இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போது கத்தப் போகிறார் என்று காத்திருந்தேன். இன்னும் ஆரம்பிக்கவில்லை போலிருக்கிறது, தயங்குகிறார், பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

தோளில் கை விழுந்தது. கொக்கு. திரும்பினேன். எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். எலக்ட்ரீஷியனுக்குக் கத்திக் கத்திக் கழுத்து நரம்பு புடைத்து, முகம் சிவந்துபோயிருந்தது.

அவர் என்னமோ கேட்டார். கொக்கு என் முகத்துக்கு நேரே வந்து, உதடு தெரிகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னான்: "ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் லைட்ட ஆட்டியிருப்பேனேங்கிறாரு." அக்கா, அவர் என்னை அடித்திருக்கலாம். காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டேன். அவர் கைத்தடியோடு குனிய முடியாமல் நின்றார்.

வண்டி திரும்பிப் போகவில்லை. டிரெய்லர் காலியாகத்தான் போனது. இனி யார் வண்டிக்கு முன்னால் போனாலும் விளக்கை ஆட்டித்தான் போகவேண்டும், குரல் கணக்கில்லை என்று விதி போட்டிருக்கிறார்கள். மற்ற வண்டிகளுக்கும் ஆர்டர் போகிறது. என் லைசென்ஸை வாங்கிக்கொண்டார்கள். பொய்ப் பரிசோதனைக்கு என்ன நடவடிக்கை என்று இன்னும் சொல்லவில்லை. மேனேஜர், மேலே பேட்டரி மாற்றுகிற கூடத்தில் வேலை தர முடியுமா என்று கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். அதுவரை விடுப்பு.

நேற்று வேறொரு ஆபரேட்டர் அந்த வண்டியை இறக்கினான். நான் வாசலில் நின்று பார்த்தேன். நன்றாக ஓட்டுகிறான். வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

பதினெட்டாம் தேதி வருகிறேன். வந்து என்ன பேசுவேன், எப்படிப் பேசுவேன் என்று தெரியவில்லை. மருமகள் கேட்பாள், எனக்குப் புரியாது. அதை நினைத்தால்தான் வர பயமாக இருக்கிறது.

உன் தம்பி


அக்டோபர் 14

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். இந்தக் கடிதம் நீ கிளம்பும் முன் உனக்குக் கிடைக்கவேண்டும் என்று மருமகளே விரைவுத் தபாலில் போட்டுவிட்டு வருகிறாள்.

இத்தனை வருஷம் உன்மேல் கோபமாக இருந்தேன். சாப்பாடு போடும்போதும், படுக்கும்போதும், அத்தான் படத்துக்கு எதிரில் உட்காரும்போதும் உன்னைத் திட்டினேன். அந்தக் கோபம்தான் எனக்கு ஒரு பிடிமானமாகக்கூட இருந்தது. இப்போது திட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. அதனால் அழுகையாக வருகிறது. நீ கையில் போனை வைத்துக்கொண்டு, அது அதிர்வதைப் பார்த்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தாய். நான் இங்கே அடித்துக்கொண்டே இருந்தேன். இரண்டு பேரும் அந்த ஒரு மாதம் முழுக்க ஒரே போனைத்தான் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

நீ செய்தது சரியா தப்பா என்று என்னிடம் கேட்காதே. எலக்ட்ரீஷியன் காலுக்கு நீ பதில் சொல்லித்தான் ஆகவேண்டும், சொல்லியும் விட்டாய். கொக்குக்கு இருமல் நின்றால் எனக்கு எழுதச் சொல்.

மருமகள் பெரிய எழுத்தில் எழுத ஒரு பலகை வாங்கி வைத்திருக்கிறாள். எனக்கு அது பிடிக்கவில்லை. நீ எங்கள் முகத்தைப் பார், நாங்கள் நிதானமாகப் பேசுகிறோம். புரியவில்லை என்றால் மறுபடி கேள், ஆங் ஆங் என்று மட்டும் சொல்லாதே. இந்த வீட்டில் அது இனிமேல் செல்லாது.

பஸ்ஸைவிட்டு இறங்கியதும் அங்கேயே நில். கூட்டத்தில் யாராவது கூப்பிடுகிறார்களோ என்று அங்கும் இங்கும் திரும்பித் திண்டாடாதே. யாரும் கூப்பிடமாட்டோம். நான் வந்து உன் முகத்துக்கு நேரே நிற்கிறேன்.

உன் அக்கா